கட்டைவிரல் அழுத்தினால் மேலே

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உனக்குச் சளி, காதுவலி ஏதும் இல்லையே? போனில் கேட்டால் "சிக்னல் இல்லக்கா" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். உனக்குக் கடிதம்தான் சரி.

நம் நீச்சல்குளத்தைப் பழுது பார்க்கிறார்கள். நேற்றுப் பல் லேபிலிருந்து திரும்பும்போது வேலியோரம் நின்று பார்த்தேன். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு நீல ஓடுகளைப் பெயர்த்துக் குவித்திருக்கிறார்கள். குளத்துக்குப் பின்னால் நாம் இருந்த வீடு இப்போது மோட்டார் அறை. நம் ஜன்னலில் ஒரு பெரிய குழாய் நுழைந்து போகிறது. குளோரின் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா சட்டை நம்மைத் தாண்டிப் போவது போல இருந்தது.

காய்ந்து கிடந்த ஆழமான மூலையைப் பார்த்ததும் நம் விளையாட்டு ஞாபகம் வந்தது. கூட்டம் போன பிறகு மூச்சடக்கிக் கைகோத்து அடியில் உட்காருவோமே. மேலே போகவேண்டும் போல இருந்தால் அடுத்தவர் கட்டைவிரலை அழுத்தவேண்டும். அழுத்தினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வரவேண்டும். வந்த பிறகு யார் முதலில் அழுத்தியது என்று கேட்கக் கூடாது. "கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா குளத்தைப் பூட்டிடுவேன்" என்று அப்பா போட்ட சட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். பழுது முடிந்ததும் குளத்துக்குக் கண்காணிப்பாளர் வேண்டுமாம். அப்பா பார்த்த அதே வேலை. உன் பெயரைச் சொன்னேன், அவர்களுக்கு ஏக சந்தோஷம். ஜூன் கடைசிக்குள் பதில் சொன்னால் போதுமாம். கண்டதும் கடிக்கிற கடலில் எத்தனை நாள் இருப்பாய்? குளத்தில் கடிக்கக் குளோரின்தான் உண்டு, அதுவும் கண்ணை மட்டும்.

கீழே வழக்கம்போல மை தொட்டு என் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். நீயும் வை. அதைப் பார்த்தால்தான் நீ பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கல் மாதிரி இருக்கிறேன். மாமா முழங்காலிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

கண்காணிப்பாளர் வேலையா! "ஓடாதே, வழுக்கும்" என்று நாள் முழுக்க விசில் ஊத வேண்டுமே. நான் ஓடியதற்குத்தான் அப்பா அதிகம் ஊதினார். என்னை விட்டுவிடு அக்கா. சிலிண்டரை முதுகில் மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, பயந்து நடுங்கும் மனிதர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போய், கண்கள் விரிந்தவர்களாக மேலே கொண்டுவந்து விடுகிற வேலை என் வேலை. இதை விட்டு எங்கே வருவது?

கடியைப் பற்றிக் கேட்டாயல்லவா, இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு. ஓரத்தைப் பார். கிளாத்தி மீன் கடித்தது! மணலில் முட்டையிட்டுக் காவல் இருக்கும்போது அதன் வீட்டுக்கு மேலே போனால் விடாது. மேலே ஓடினாலும் துரத்தும், பக்கவாட்டில்தான் நழுவ வேண்டும். அன்றைக்கு எனக்கு யோசிக்க நேரம் இல்லை. பல் தொழில் செய்கிறவள் நீ, உனக்குப் பயன்படும்.

இங்கே எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. பாறை இடுக்கில் வசிக்கும் பெரிய கடல் விலாங்கு. எப்போதும் வாய் திறந்து திறந்து மூடும். மூச்சு விடத்தான் அப்படிச் செய்கிறது, ஆனால் பார்த்தால் யாரையோ திட்டத் தொடங்குவது போல இருக்கும். என்ன பெயர் வைத்திருப்பேன் என்று நீயே சொல்லிவிடுவாய். அத்தை! தினமும் என் கையால் மீன் துண்டு ஊட்டுகிறேன். வருகிறவர்கள் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்கிறார் எங்கள் படகின் முதலாளியம்மா.

கட்டைவிரல் வைத்திருக்கிறேன். தழும்பு தெரிகிறதா?

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் துடுப்பும் சுகமாக வந்து சேர்ந்தது, தபால்காரர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கடித்த இடத்தில் மெழுகு வைத்து அச்செடுத்துப் பிளாஸ்டர் ஊற்றிப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான கடி! மேலும் கீழும் பிசகாமல் சேர்கிறது. என்னிடம் பல்செட் கேட்டு வருகிறவர்களில் ஒருவருக்கும் இப்படி அமைவதில்லை. லேபில் மற்ற அச்சுகளோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். டாக்டர் வந்து, "இது எந்தப் பேஷண்டும்மா?" என்று கேட்டார். "என் தம்பிக்குத் தெரிஞ்சவர்" என்றேன்.

அத்தை பெயரைக் கேட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் முதன்முதலில் செய்த பல்செட்டே அத்தைக்குத்தான். அதை வாயில் போட்டதும் முதலில் என்னைத்தான் திட்டினாள், பல் இறுக்குகிறது என்று. நல்லவள். இப்போது இருந்தால், தன் பெயரை மீனுக்கு வைத்ததற்கு உன்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

சிரித்தாகிவிட்டது. இப்போது கேள். கையால் ஊட்டாதே. தினம் வாய்களைப் பார்க்கிறவள் சொல்கிறேன், வாய்க்கு நன்றி தெரியாது.

தழும்பு நன்றாகத் தெரிகிறது. என் மோதிரம் குளத்து வடிகால் கம்பிக்குள் விழுந்ததற்கு நீ கையை விட்டு எடுத்தாயே, அன்றைக்குக் கிழிந்தது. மோதிரம் இப்போது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, உன் தழும்பு மட்டும் நிலைத்துவிட்டது.

ஜூன் மறக்காதே.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

நேற்றுக் கடலில் கூட்டிப்போன அம்மாவுக்கு உன் வயது இருக்கும். படகிலேயே அழுதுவிட்டார். கீழே போனதும் என் கையை விடவே இல்லை. கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். உலகம் முழுக்க இதுதான் சைகை. முதன்முதலாகப் பயிற்சியில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் நீயும் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டோமே! அந்த அம்மா கடைசிவரை விரலை உயர்த்தவே இல்லை. நான்தான் உயர்த்தினேன். மேலே வந்ததும், "அதுக்குள்ளயா?" என்று கோபித்துக்கொண்டார்.

நீ ஒரு தடவை வாயேன் அக்கா. நம்மில் நன்றாக நீந்துகிறவள் நீதான். எனக்கு மூச்சடக்கக் கற்றுக்கொடுத்தவள், கல்யாணமானபின் தண்ணீரையே மறந்துவிட்டாய். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, நேரமில்லை என்று நீயே சொல்லிக்கொள்கிறாய்.

அத்தைக்கு என்னை அடையாளம் தெரிகிறது. நான் வந்தால்தான் இடுக்கைவிட்டு முழுசாக வெளியே வருகிறாள். நீ வாய்களைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் இவள் அப்படி இல்லை.

கட்டைவிரல் கீழே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. சிக்னல் இல்லையென்றால் மணி எப்படி அடிக்கும்? முதலாளியம்மாவிடம் பேசினேன். "நல்லா இருக்காரு, கொஞ்சம் ஓய்வுல இருக்காரு" என்றார். எதற்கு ஓய்வு என்று கேட்டதும் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

கோபமா? குளத்து வேலையைப் பற்றி நச்சரித்ததற்கா? வேண்டாமென்றால் ஒரு வரி எழுதிப்போடு, நான் கேட்பதை நிறுத்திவிடுகிறேன். குளத்தில் புது ஓடு பதித்துவிட்டார்கள். பழைய நீலம் இல்லை, கொஞ்சம் வெளிறிய நீலம். எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மாமா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து மூடுகிறார்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பயப்படும்படி ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். படகுக் கதவில் வலது கை நசுங்கிவிட்டது. வீக்கம் வடிகிறது. இடது கையால் எழுதுகிறேன்.

குளத்து வேலைக்கு வருகிறேன். அவர்களிடம் சொல்லிவிடு. ஜூன் கடைசியில் புறப்படுவேன். இங்கே எல்லாம் போதும் போல இருக்கிறது.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வழக்கப்படி விரல் வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 25

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம்.

உன் கடிதம் வந்ததும் மாமா குதிக்காத குறை. முழங்காலையும் மறந்து மாடியேறி அந்த அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டார். உனக்கென்று மேசை விளக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நானும் குதித்திருக்க வேண்டும்.

குதிக்கவில்லை. உன் கடிதத்தை லேபுக்கு எடுத்துப்போய் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அச்சுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உன் விரலின் சுழி எந்தப் பக்கம் வளையும் என்று எனக்குத் தெரியும். இது எதிர்ப்பக்கம் வளைகிறது. இதில் வடிகால் கம்பி கிழித்த கோடும் இல்லை.

நசுங்கிய விரல் வீங்கும், நகம் கறுக்கும். வீக்கம் வடிந்தால் தழும்பு திரும்ப வந்துவிடும்.

தழும்பு எங்கேடா?

அக்கா


ஜூன் 8

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதை மட்டும் முதலில் நம்பு.

தழும்பு இல்லை. விரலே இல்லை.

மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. நிறையப் பேரைக் கூட்டிப் போயிருந்தேன். அத்தைக்கு ஊட்டி முடித்தேன், பையில் மீன் தீர்ந்துவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மேலே போகலாம்' என்று கட்டைவிரலை உயர்த்தினேன். மீன் வாசனை அடிக்கும் கை, அதில் துண்டு போல நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு விரல், சரியாக அவள் முகத்துக்கு முன்னால். அவளுக்குக் கண் மங்கல், வாசனைதான் வழி. ஊட்டுகிறேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

வலிக்கக்கூட இல்லை. வெடுக்கென்று இழுத்தேன், இழுத்திருக்கக் கூடாது. அவளுக்குப் பல்லெல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். தொண்டைக்குள் இன்னொரு தாடை வேறு உண்டு, கவ்வியதை உள்ளே வாங்கிக்கொள்ள. உனக்கு இதெல்லாம் கேட்கப் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. நீ வேண்டாமென்று சொன்னதைத்தான் செய்தேன். எந்த முகத்தோடு எழுதுவது?

முதலாளியம்மா அவளைக் கொல்ல ஈட்டியோடு ஆள் அனுப்பப் பார்த்தார். நான் காலில் விழாத குறையாகத் தடுத்தேன். மனிதன் கை என்றால் சாப்பாடு என்று அவளுக்குப் பழக்கியவன் நான். இப்போது ஊட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

காயம் ஆறிவிட்டது. தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் சைகை காட்டினால் போதும் என்கிறார் முதலாளியம்மா. நான்தான் இறங்கவில்லை. படகு ஓரத்தில் உட்காருகிறேன், கால் மரத்துப் போகிறது. கீழே போய் அவசரத்தில் வலது கையை உயர்த்துவேன், ஒருவருக்கும் புரியாது என்று தோன்றுகிறது. ஒரு வேடிக்கை சொல்கிறேன், அந்த இல்லாத விரல் அரிக்கிறது. சொறியப் போனால் அங்கே ஒன்றுமில்லை.

கடலை எனக்கு இனி வேண்டாம் அக்கா. நான் வருகிறேன். குளம் போதும்.

தம்பி


ஜூன் 17

என் தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். உன் கடிதம் வந்த அன்றைக்கு இல்லை. அதை மாமாவுக்குச் சத்தமாக வாசிக்கத் தொடங்கி, பாதியில் அவர் கையில் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை அவர் வாசித்தார். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மேசை விளக்கை எரியவிட்டு அணைத்து, எரியவிட்டு அணைத்துக்கொண்டிருந்தோம்.

உன்னைத் திட்டப்போவதில்லை. அதற்கு அத்தை இருக்கிறாள், கடலில் ஒருத்தி.

உனக்கொரு விரல் செய்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பல்செட் செய்கிற அக்ரிலிக்தானே. ஈறு நிறத்தில் பளபளவென்று வந்தது. மாமா மேசையில் அதைப் பார்த்து அலறிவிட்டார். தூக்கி எறிந்துவிட்டேன். உன் விரல் உன் விரல்தான்.

இப்போது நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். நீ குளத்துக்கு வராதே.

நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ படியேறி வரும் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த ஆசையில்தான் விடாமல் எழுதினேன். ஆனால் விசில் ஊதப் பிடிக்காதவன், கடலுக்குப் பயந்து குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? பிடித்து வந்தால் வா. தப்பித்து வராதே.

அப்பாவின் சட்டத்தை வேறு மீறியிருக்கிறாய். மேலே வருவதென்றால் அழுத்த வேண்டும், சேர்ந்துதான் வரவேண்டும். நீ யாரையும் அழுத்தாமல் தனியாக மேலே வந்துவிட்டாய். இது செல்லாது. மறுபடி கீழே போக வேண்டும்.

நான் வருகிறேன். லேபில் லீவு சொல்லிவிட்டேன். டாக்டர் என் காது, நெஞ்சு எல்லாம் பார்த்து, பயிற்றுநர் கூட இருந்தால் ஆழமில்லாத இடத்தில் இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குளம் போன வாரமே திறந்துவிட்டது. காலையில் பெண்கள் நேரத்தில் போகிறேன். நேற்று அந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தேன், மூச்சு இன்னும் நிற்கிறது. கை கோக்கத்தான் ஆளில்லை.

என் பல்லுக்கு ஏற்ற வாய்க்குழாய் வைத்திரு. கடி சரியாக அமையாவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாமா சொன்னார். உன் காதில் இன்னும் கடல் இரைகிறதாமே? நான் சுகம். இன்று காலையும் இறங்கினேன். எழுத்து கோணல் குறைந்திருக்கிறது, கவனித்தாயா?

குளத்துக்காரர்களுக்கு வேலை வேண்டாமென்று எழுதிவிட்டேன். நீ அங்கே தினமும் நீந்துவதால், குளம் நம் குடும்பத்தைவிட்டுப் போகவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். டிசம்பரில் பருவம் முடிந்ததும் வருகிறேன், பிடித்துத்தான் வருகிறேன். அந்த விளக்கை மாமா பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அன்றைக்கு நடந்ததை நேரில் பேச முடியவில்லை. படகில் ஏறியதும் நீ துண்டைப் போர்த்திக்கொண்டு எங்கோ பார்த்தாய், நானும் சிலிண்டரை எண்ணுவது போலப் பாவனை செய்தேன். எழுதிவிடுகிறேன்.

இறங்கும்போது என் கால் மரத்தது. நீ கேட்காமல் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாய். முதலாளியம்மா பின்னால் நீந்தி வந்ததைக்கூட மறந்துவிட்டேன். மணலில் மண்டியிட்டோம். அத்தை இடுக்கைவிட்டு வெளியே வந்தாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டு, நம் கைகளைத் தேடிக்கொண்டு. இடது கையை அக்குளில் செருகிக்கொண்டேன். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். சிறிது நேரம் பார்த்தாள், ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் திட்டிக்கொண்டே இடுக்குக்குள் போய்விட்டாள். நம் அத்தையேதான்! கண்ணாடிக்குள் நீ சிரித்ததைப் பார்த்தேன், அதற்குள்ளே தண்ணீர் போய்விடுமோ என்று பயந்தேன்.

அப்புறம் உட்கார்ந்தே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வெளிச்சம் குளத்தில் ஆடுவது போலவே ஆடிக்கொண்டிருந்தது. நம்மிடம் காற்று இருந்தது, மூச்சடக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நான் அடக்கிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. அப்பா விசில் ஊதுவார் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போது கட்டைவிரலில் அழுத்தம் தெரிந்தது. வலது கையில், அக்கா. காயம் ஆறிய இடத்தில் இல்லை, அதற்கும் வெளியே, இல்லாத அந்த விரலிலேயே தெரிந்தது. தழும்புக்கு மேலே, நீ எப்போதும் அழுத்தும் இடத்தில். அதற்குப் பிறகு அது அரிக்கவே இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்தேதான் மேலே வந்தோம். படகில் முதலாளியம்மா கேட்டாரே, "காத்து இன்னும் பாதி இருக்கே, யாரு முதல்ல போலாம்னு சொன்னது?"

நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

கீழே வைத்திருப்பது இடது கட்டைவிரல். பழகிக்கொள்.

உன் தம்பி